கொடி கட்டிய வீதி

பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையை மாநகரப் பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து பார்த்து வருபவர்களுக்கு ஒன்று எளிதில் விளங்கும். துணிக்கடை, நகைக்கடைகளுக்கு அடுத்தபடியாக இச்சாலையில் அதிக வெளிச்சம் போட்டுக்கொண்டு நிற்பவை கைப்பேசிக் கடைகளே. அவற்றிலும் கடைக்காரரின் பெயரைத் தாங்கியவற்றுக்கு நடுவே, கருவியைச் செய்த நிறுவனத்தின் பெயரை மட்டுமே தாங்கியவை பெருகி வந்துள்ளன. நீலப் பலகை ஒரு நிறுவனம், பச்சை மற்றொன்று, செம்மஞ்சள் வேறொன்று, மஞ்சள் இன்னொன்று. மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலைக்குள் நுழைந்தால் இதே நிறங்கள் சற்றுச் சிறிய அளவில், பூக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவே இடம்பிடித்து நிற்கின்றன. எழுத்தறியாதவர்கூட நிறத்தை வைத்துக் கடையைச் சொல்லிவிடலாம்.

இந்தப் போட்டியைப் பற்றி எழுதத் தமிழ் படித்தவனுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கடைவீதியை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த இலக்கியம் நம்முடையது என்பதே என் விடை. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் அங்காடிகளின் கொடிகளை வரிசையிட்டுச் சொல்கின்றன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரை வீதிகளில் கோவலன் நடந்து செல்லும்போது பொற்கடை வீதி ஒன்று வருகிறது. பொன்னில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நான்கு வகை. பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் ஒரே மஞ்சள்தான். ஆகவே, எது எங்கே கிடைக்கும் என்று வாங்க வருபவர் தடுமாறாதபடி, பொன்னின் தரம் அறிந்த வணிகர்கள் வகைக்கொரு கொடியை உயர்த்தி வைத்திருந்தார்கள் என்கிறார் இளங்கோ. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் நான் சற்று நின்று போவது வழக்கம். கொடி எதற்காக என்பதைக் கவிஞர் சொல்லிவிடுகிறார். வாங்குபவரின் மயக்கத்தைத் தீர்ப்பதற்காக. கொடியைப் பிடித்தவரும் பொன்னை மாற்றறியத் தெரிந்தவர்.

ஜி.எஸ்.டி. சாலையின் கொடிகள் யாருடைய மயக்கத்தைத் தீர்க்கின்றன என்பதே என் கேள்வி.

கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். டயனோரா, சாலிடேர் எனச் சென்னையிலேயே தொலைக்காட்சிப் பெட்டிகள் தயாரான காலம் ஒன்று உண்டு. அந்தப் பெட்டிகளை மக்கள் வாங்கியது பெரும்பாலும் கடைக்காரரை நம்பித்தான். 1965இல் மயிலாப்பூரில் தொடங்கிய விவேக்ஸும், 1978இல் தொடங்கிய வசந்த் அண்ட் கோவும் அந்த நம்பிக்கையின் மேல் வளர்ந்தவை. 'எதை எடுத்தால் நீடிக்கும்?' என்று கேட்டால், 'இதை எடுங்க, ஏதாவதுன்னா என்கிட்ட வாங்க' என்று ஒருவர் சொல்வார். அவர் சொன்னதெல்லாம் உண்மை என்று நான் சாதிக்கவில்லை. எந்தக் கம்பெனி கூடுதல் கழிவு தருகிறதோ அதன்பால் அவர் நாக்கு சற்றுச் சாய்ந்திருக்கும். ஆனாலும், அடுத்த மாதம் நாம் மிக்சி வாங்க வருவோம் என்ற கணக்கு அவரை ஓரளவு நேர்மையாக வைத்திருந்தது. கைப்பேசி வந்தபோதும் இதே வழக்கந்தான் தொடர்ந்தது. 1997இல் சென்னையில் யுனிவர்செல், 2004இல் கோடம்பாக்கத்தில் பூர்விகா என, எல்லா நிறுவனங்களின் கருவிகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்து விற்ற கடைகளே முதலில் பரவின.

மாற்றம் கண்கூடாகத் தெரிந்தது 2016, 2017 ஆண்டுகளில். ஓப்போ, விவோ ஆகிய இரு சீன நிறுவனங்களும் இந்தியாவின் தெருக்களைப் பிடிக்க முனைந்தன. சின்னஞ்சிறு ரீசார்ஜ் கடைகளின் முகப்புக்குக்கூடப் புதுப் பலகை மாட்டித் தரப்பட்டது. ஒரு பக்கம் நீலம், எதிர்ப்பக்கம் பச்சை. 2016 முதல் ஐ.பி.எல். போட்டியின் தலைப்பு விளம்பரம் விவோவுக்கு. 2017இல் இந்தியக் கிரிக்கெட் அணியின் மார்பில் ஓப்போவின் பெயர். இத்தனை ஆவேசமாக மோதிக்கொண்ட இவ்விரு நிறுவனங்களும் குவாங்டாங்கில் பி.பி.கே. என்ற ஒரே எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் வழித்தோன்றல்கள். பங்காளிச் சண்டை என்று நம்மூரில் சொல்வோமே, அதுதான். பிற்பாடு ஓப்போவிலிருந்து 2018இல் ரியல்மீ பிரிந்து மஞ்சள் பலகையுடன் அதே தெருவுக்கு வந்தது.

(இடையில் ஒரு வார்த்தை. பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்கவேண்டும் என்பது தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளில் உள்ளது. நிறுவனக் கடைகளின் பலகைகளில் ஆங்கிலச் சின்னம் யானையளவும், அதன் காலடியில் தமிழ் எறும்பளவும் இருப்பதைக் காண்கிறேன். உலகெங்கும் ஒரே தோற்றம் வேண்டும் என்பது அவர்கள் நியாயமாம்.)

தயாரிப்பவரே கடை வைப்பது புதிதன்று. தையல் இயந்திரம் விற்ற சிங்கர் நிறுவனம் 1850களிலேயே தவணை முறையில் கொடுத்து வாங்கும் வழக்கத்தைத் தொடங்கியது. 1877இலிருந்து இலங்கையில் அதற்குக் கால் ஊன்றல் உண்டு. யாழ்ப்பாணத்து நண்பர்களைக் கேட்டால் சிங்கர் கடையைப் பற்றிக் கதை கதையாய்ச் சொல்வார்கள். வேடிக்கை என்னவெனில், தன் பொருளை மட்டும் விற்க வந்த அக்கடையில் காலப்போக்கில் பிறர் செய்த குளிர்பெட்டியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் விற்பனைக்கு வந்துவிட்டன.

நம் காலத்து நிறுவனக் கடைக்கு மூலவர் ஆப்பிள். 2001 மே 19 அன்று அமெரிக்காவில் வர்ஜீனியாவிலும் கலிபோர்னியாவிலுமாக இரண்டு கடைகளைத் திறந்தது. இது தேறாது என்று அன்று ஆரூடம் சொன்னவர்கள் பலர். அவர்கள் கையில் சான்றும் கிடைத்தது: கேட்வே என்ற கணிப்பொறி நிறுவனம் தன் சொந்தக் கடைகள் முழுவதையும் 2004இல் மூடியது. ஆனால் ஆப்பிள் கடை தேறியது. அதைப் பார்த்து மைக்ரோசாஃப்ட் 2009இல் கடை திறந்தது. சில இடங்களில் ஆப்பிள் கடைக்கு அருகிலேயே போய் அமர்ந்தது. 2020இல் எல்லாக் கடைகளையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. சாம்சங் 2018இல் பெங்களூர் பிரிகேட் சாலையில், ஆங்கிலேயர் காலத்து ஆபெரா ஹவுஸ் அரங்கத்தையே எடுத்துப் புதுப்பித்துத் தன் காட்சிக்கூடமாக்கியது. நாடகம் பார்க்கும் இடத்தில் கைப்பேசி பார்க்கிறார்கள். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை; பாழடைந்து கிடந்த கட்டடத்துக்கு வண்ணமாவது கிடைத்தது.

நிறுவனக் கடைகள் செய்த ஒரு நன்மையை மறைக்கக் கூடாது. பழைய கடைகளில் பொருள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். 'வாங்கறீங்களா, சும்மா பாக்கறீங்களா?' என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே அது மேசைக்கு வரும். காதில் சிறு தோடும் கையில் துணிப்பையுமாக வரும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கேள்வி எந்தத் தொனியில் வரும் என்பது நமக்குத் தெரியும். கருவியைத் திறந்த மேசையில் கிடத்தி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், நேரக் கணக்கில்லை என்ற முறையைப் பரப்பியவை இத்தகைய கடைகளே. என் வகுப்பு மாணவியர் வேளச்சேரி ஃபீனிக்ஸ் வளாகத்துக்குப் போய், வாங்கும் எண்ணம் சிறிதும் இல்லாமல், லட்ச ரூபாய்க் கருவியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். விலை எழுதப்பட்டிருக்கிறது, பேரம் பேசிக் கூச வேண்டியதில்லை. போலிப் பொருள் என்ற அச்சமும் இல்லை. இவை சிறிய விஷயங்கள் அல்ல.

ஆனால் தொட்டுப் பார்க்கலாம் என்பதோடு அந்த உரிமை நின்றுவிடுகிறது. ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்க்க வழியில்லை. நீலக் கடையில் பச்சைக் கருவி இருக்காது. சாலையைக் கடந்து எதிர்க் கடைக்குப் போகவேண்டும். போனால் அங்கே நீலத்தைப் பற்றிப் பேச்செடுக்க முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் உரிமைகளில் ஒன்றாக, இயன்ற இடத்திலெல்லாம் பல்வகைப் பொருள்களைப் போட்டி விலையில் அணுகும் உரிமையைக் குறிப்பிடுகிறது. தெரு முழுவதும் பல்வகை இருக்கிறது, கடைக்குள் இல்லை.

அப்படியானால் எல்லா நிறுவனங்களின் கருவிகளும் உள்ள பெருங்கடைக்குப் போகலாமே என்பீர்கள். அங்கே நடப்பதை என் பழைய மாணவர் ஒருவர் வாயிலாக அறிந்தேன். பி.ஏ. தமிழ் முடித்தவர், நல்ல குரல்வளம், பட்டிமன்றத்தில் பரிசு வாங்கியவர். அந்தக் குரலைக் கைப்பேசி நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது. அவர் 'ப்ரோமோட்டர்'. பெருங்கடைக்குள் நாள் முழுவதும் நிற்கிறார், ஆனால் கடையின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஊதியம் தருவது கைப்பேசி நிறுவனம், அதுவும் ஆள் அனுப்பும் இடைநிறுவனம் ஒன்றின் வழியாக. மாதத்துக்கு இத்தனை 'பீஸ்' என்ற இலக்கு. எந்த மாடல் தேங்கிக் கிடக்கிறதோ அதற்கு ஊக்கத்தொகை அதிகம். இரவில் கடை மூடுவதற்கு முன் அன்றைய விற்பனையைக் குழுவில் பதிவிட வேண்டும். பக்கத்தில் போட்டி நிறுவனத்தின் ப்ரோமோட்டர் இதே கட்டாயங்களோடு நிற்கிறார். இருவரும் ஒன்றாகத் தேநீர் குடிப்பவர்கள். 'சார், கஸ்டமர் வாசப்படிய தாண்டறதுக்குள்ள அவரு யாரோட ஆளுன்னு முடிவாயிடணும். அதான் சார் வேலையே' என்றார் அவர்.

ஆக, கடைக்குள் நம்மிடம் வந்து 'என்ன பட்ஜெட்ல பாக்கறீங்க அங்கிள்?' என்று கனிவாகக் கேட்பவர் கடைக்காரர் அல்லர். ஒரு கொடியின் கீழ் நிற்பவர். பட்டினப்பாலையின் வணிகர்களை நுகத்தடியின் நடுவாணிக்கு ஒப்பிடுகிறார் உருத்திரங்கண்ணனார். இரு பக்கமும் சாயாதவர்; தன் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக மதிப்பவர். இன்றைய பெருங்கடையில் அந்த நடுவாணி கழற்றப்பட்டுவிட்டது. ஒவ்வொரு மேசையும் வாடகைக்கு விடப்பட்ட நிலம். என் மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வீட்டில் தங்கையின் படிப்பு இருக்கிறது. இலக்கு தவறினால் அடுத்த மாதம் அந்தச் சட்டையை வேறொருவர் அணிந்திருப்பார். தமிழ் படித்தவருக்கு அந்தச் சட்டையைவிட நல்லதாக நாங்கள் எதையும் தேடிக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

கடை முதலாளியின் நிலையும் கொண்டாடத்தக்கதன்று. நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது நிறுவனமன்று, உள்ளூர்க்காரர் ஒருவர். முன்பணம், வாடகை, மின்கட்டணம், சரக்கில் முடங்கிய முதல் எல்லாம் அவருடையவை. பெயரும் நிறமும் விலையும் மட்டும் நிறுவனத்தினுடையவை. நோக்கியா ஆண்ட காலத்தில் 'நோக்கியா பிரையாரிட்டி' என்ற பலகையை மாட்டியவர்கள் இந்நகரங்கள் எங்கும் இருந்தார்கள். 2014இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய பின் பலகையும் மாறியது. அடுத்த சில ஆண்டுகளில் மைக்ரோசாஃப்டும் கைப்பேசியைக் கைவிட்டது. வாடகை ஒப்பந்தம் மட்டும் கடைக்காரரிடம் மிஞ்சியது. இணைய விற்பனைக்குத் தனி விலை, கடைக்குத் தனி விலை என்ற மனக்குறை தனி. 2024இல் தென்னிந்தியச் சில்லறை விற்பனையாளர் சங்கம், மே 1 முதல் ஒன்பிளஸ் பொருள்களைச் சுமார் 4,500 கடைகளில் விற்பதில்லை என்று அறிவித்தது. சொன்ன காரணங்கள்: கழிவு குறைவு, உத்தரவாதக் கோரிக்கைகளில் தாமதம், ஒரு பொருளோடு மற்றொன்றைச் சேர்த்துத் திணித்தல். வாங்குபவர் மட்டுமன்றி விற்பவரும் அன்று தெருவில் நின்று பேசினார்.

பழுது வந்தாலோ, கொடியின் மகிமை முழுதாகப் புரியும். என் கைப்பேசியின் திரை பழுதானபோது அதை வாங்கிய நிறுவனக் கடைக்கே எடுத்துச் சென்றேன். பெயர் இங்கே வேண்டாம். 'சேல்ஸ் மட்டுந்தான் சார் இங்க' என்றார்கள். பழுது பார்க்கும் இடம் வேறொரு புறநகரில், மாடிப்படி ஏறிப் போகும் இரண்டாம் தளத்தில் இருந்தது. அங்கே கண்ணாடிச் சுவரும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. வரிசை எண் எழுதிய சீட்டும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. பொருளை விற்கும் இடத்துக்கும் பொறுப்பேற்கும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அவ்வளவுதான் அப்பெயரின் மதிப்பு என்று நான் கணக்கிட்டுக்கொண்டேன்.

இனி, இப்போட்டியில் நம் பகுதிக்கு இருக்கும் இன்னொரு பங்கைச் சொல்லவேண்டும். தாம்பரத்திலிருந்து 30 கி.மீ. சொச்சத்தில் ஸ்ரீபெரும்புதூர். 2006இல் அங்கே உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன்கள் பூட்டப்படுகின்றன. செங்கல்பட்டுக்கு இப்பால் மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் 2022 முதல் அவை பூட்டப்படுகின்றன. இரவு ஷிப்டு முடிந்து நிறுவனப் பேருந்துகளில் வரும் பெண் பிள்ளைகள் சன்னலில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டே போகும் சாலைகள்தாம் இக்கடைகளின் வெளிச்சம் விழும் சாலைகள்.

ஒரே பெயர்ச் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு 2006இல் 51 விழுக்காடு வரையும், 2012இல் 100 விழுக்காடு வரையும் அனுமதிக்கப்பட்டது. 51க்கு மேல் போனால் 30 விழுக்காடு உள்நாட்டுக் கொள்முதல் வேண்டும் என்பது நிபந்தனை. 2019 ஆகஸ்டில் அது தளர்த்தப்பட்டு, ஏற்றுமதிக்காக இங்கே வாங்கப்படுவதும் அக்கணக்கில் சேரும் என்றாயிற்று. அதன் பின்னரே ஆப்பிள் 2020 செப்டம்பரில் இணையக் கடையையும், 2023 ஏப்ரலில் மும்பையிலும் தில்லியிலும் சொந்தக் கடைகளையும் திறந்தது. நிறுவனத் தலைவர் டிம் குக் இரண்டு இடங்களிலும் வாசலில் நின்று வரவேற்றார். 2025 செப்டம்பரில் பெங்களூரும் புனேயும் வந்தன. இந்தியாவில் ஆப்பிள் திறந்த முதல் நான்கு கடைகளில் ஒன்றுகூடச் சென்னையில் இல்லை. பூட்டும் கை இங்கே, கொடி அங்கே. (சென்னைக்கு ஒரு கடை வந்துவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை.)

அந்தக் கைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கணக்கான பெண்கள் நோயுற்றனர். தோழியரின் கதி தெரியாமல் மற்றவர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை சில வாரம் மூடிக் கிடந்து 2022 ஜனவரியில் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் தமிழக அரசு திறந்துவைத்தது. இச்செய்திகளில் எதுவும் கண்ணாடிக் கடையின் மேசைமீது வைக்கப்படுவதில்லை. கருவியின் திரை எத்தனை அங்குலம், படக்கருவி எத்தனை மெகாபிக்சல் என்ற அட்டை மட்டுமே இருக்கும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். கடையில் நுழைந்தவுடன் இப்போது விலை சொல்லப்படுவதில்லை; மாதத் தவணை சொல்லப்படுகிறது. 'வட்டியே இல்லை' என்பது மந்திரம். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது, அது வேறு கட்டணங்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்று கூறி, 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளின் இத்தகைய திட்டங்களுக்குத் தடை விதித்தது. மந்திரம் மட்டும் மறையவில்லை. வட்டியை உற்பத்தியாளரோ வணிகரோ ஏற்பதாகச் சொல்லும் வடிவில் அது வாழ்கிறது. நிறுவனங்களின் போட்டி கருவியின் தரத்திலிருந்து நகர்ந்து, யார் நம்மை அதிக மாதங்கள் கடனாளியாக வைத்திருப்பது என்பதில் வந்து நிற்கிறது. கல்லூரியில் பகுதிநேரமாக வேலை பார்த்துக் கட்டணம் கட்டும் பிள்ளைகள் பதினெட்டு மாதத் தவணையில் கைப்பேசி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது அவர்கள்மேல் அன்று.

சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், பிடிக்காதவர் எதிர்க் கடைக்குப் போகட்டும் என்பார்கள் பொருளாதாரம் கற்ற நண்பர்கள். எதிர்க் கடையும் அதே முறையில் நடக்கும்போது சாலையைக் கடப்பதால் என்ன பயன் என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. நிறுவனக் கடைகளைத் தடுக்கவேண்டும் என்பது என் கட்சியன்று. நீலக் கடை நீலத்தைத்தான் விற்கும் என்பது பலகையிலேயே இருக்கிறது. அதில் ஒளிவு இல்லை. ஒளிவு இருப்பது பெருங்கடைக்குள். அங்கே ப்ரோமோட்டர் அணியும் அட்டையில் அவர் பெயரோடு, தமிழில், 'எனக்கு ஊதியம் தருவது இன்ன நிறுவனம்' என்று எழுதியிருக்க வேண்டும். கடையின் ஊழியர் என்றால் அதையும் எழுதட்டும். தவணை சொல்லும் தாளில் மொத்தத் தொகையும் கட்டணங்களும் மாதத் தவணை அச்சான அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். பழுதுபார்க்கும் இடத்தின் முகவரி விற்கும் கடையின் வாசலில் தொங்க வேண்டும்.

அட்டை யோசனையை என் மாணவரிடம் சொன்னேன். சிரித்தார். 'போட்டுக்கலாம் சார். ஆனா கம்பெனி மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாறுது, அட்டைய யாரு அடிச்சுத் தருவாங்க?' என்றார். சண்முகம் சாலையில் அட்டை அடித்துத் தரும் கடைக்குப் பஞ்சமில்லை. அரசாணைக்குக் காத்திராமல் வணிகர் சங்கமே இதைத் தொடங்கலாம்.